எடைக்குப் போகாதது

தை மாதம். காலை ஆறே முக்கால்.
கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறை பனிக்குள் இருந்தது.
ட்ரோன் தன் இடத்தை அறிவதற்கென்று
கட்டம் போட்ட ஐந்து பலகைகளைக்
குப்பை மேட்டில் அங்கங்கே பரப்பினேன்.
பேட்டரி மாட்டித் திரும்புவதற்குள்
நான்குதான் இருந்தன.

ஐந்தாவது கெம்பம்மாவின் சாக்கில்.
"இதுவும் பிளாஸ்டிக்தானே மேடம்,
கிலோ பன்னெண்டு ரூபா" என்று
முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.
துடைத்ததில்தான் எனக்கு வெட்கம்.

ஏற்றினேன்.
அறுபது மீட்டரில் ஒரு பருந்து
சந்தேகமாய் இரண்டு சுற்று வந்து
தின்ன முடியாதது என்று கண்டு விலகிப் போயிற்று.
மேலிருந்து பார்த்தால் நாற்றம் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
அதைச் சொல்லித்தான் அம்மாவைச் சமாதானம் செய்தேன்.

வெப்பக் கேமராவில் மேடு முழுக்க நீலம்.
மேற்குச் சரிவில் மட்டும்
கள்ளிப்பழம் பிளந்த மாதிரி சிவப்பு.
அறுபத்தெட்டு டிகிரி.
ஆனியில் கூழ் ஆலைகள் கொட்டிய
பெங்களூரா மாங்கொட்டைகள் அங்கே.
மேலே நாலு கொட்டை முளைத்துச்
செம்பிலை விட்டிருக்கிறது;
கீழே ஏழு மாதமாய் என்னவோ வேகிறது.

அந்தச் சிவப்பின் நடுவில் ஆறு பேர்
வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடினேன்.
பூட்ஸுக்குள் கறுப்பாய்ச் சாறு இறங்கியது.
"எழுந்திருங்க, கீழ சூடா இருக்கு!"
எல்லப்பன் சிரித்தார்:
"அதுக்குத்தானே மேடம் இங்க உக்கார்றோம்."
களி டப்பாவை அரையடி புதைத்தால்
கால் மணி நேரத்தில் ஆவி வருமாம்.
கார்த்திகையிலிருந்தே தெரியுமாம்.
யாரும் கேட்கவில்லையாம்.

அவர் கையில் உறை இல்லை.
கொடுத்தார்கள், போன வருஷம், ஆளுக்கு ஒரு ஜோடி.
உறைக்குள் விரல் இருந்தால்
செம்புக் கம்பி எது, இரும்புக் கம்பி எது,
விரலுக்குத் தெரியவில்லையாம்.

வெந்தது உள்ளே குழியாகும் என்றேன்.
மேலே ஓடு மட்டும் நிற்கும்,
ஒரு நாள் ஒரு கால் பட்டால் போதும் என்றேன்.
கெம்பம்மா,
இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல்
தரையை விரலால் குத்திப் பார்த்தார்.
பிறகு எழுந்தார்.
பின்னாலேயே எல்லோரும்.

இரவு ஓசூர் அறையில்
நானூற்றுப் பன்னிரண்டு படங்களை
மென்பொருள் ஒன்றாய்த் தைத்தது.
நகர்வதெல்லாம் அதற்குப் பிழை; நீக்கிவிடும்.
ஆறு பேரையும் நீக்கியிருந்தது.
மிச்சம், எல்லப்பன் கழற்றி வைத்த செருப்பில் ஒன்று,
யாருடையதோ பாதி நிழல்,
அப்புறம் அந்த டப்பா,
சிவப்பின் நடுவில், மூடியோடு, துல்லியமாக.

அறிக்கையில் கன அளவு கேட்டிருந்தார்கள், எழுதினேன்.
சரிவின் கோணம் கேட்டிருந்தார்கள்.
ஆட்களுக்கென்று கட்டம் இல்லை.
டப்பாவைச் சுற்றி வட்டம் போட்டு
"இங்கே ஆறு பேர் சாப்பிடுகிறார்கள்" என்று எழுதி அனுப்பினேன்.
பொறியாளர் போனில் கேட்டார்:
"வரைபடத்துல அது என்னம்மா கறை, எடுத்துடலாமா?"
"கறை இல்ல சார். களி."

மூன்றாம் நாள் மஞ்சள் நாடா கட்டினார்கள்,
நெடுக அபாயம் அபாயம் என்று அச்சடித்தது.
அடுத்த வாரம் நான் போனபோது
தூரத்திலிருந்தே தெரிந்தது, நாடா இல்லை.
பெட்டியைக் கூடத் திறக்காமல் மேடேறினேன்.

கம்புகள் அப்படியே நின்றன.
கம்புக்குக் கம்பு
கிழிந்த சேலை, சாக்குக் கயிறு,
ஒரு ஜமுக்காளத்தின் ஓரம்,
இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"நாடாவை எப்படியும் ராத்திரிப் பசங்க எடுத்துருவாங்க,
நாங்களே எடுத்துட்டோம்" என்றார் கெம்பம்மா.
"இது எடைக்குப் போகாது மேடம்.
அதனால இருக்கும்."

சேலைக்கு அந்தப் பக்கம்
மாங்கன்றுகள் இன்னும் ஓர் இலை விட்டிருந்தன.
இந்தப் பக்கம் ஆறு பேரும்
குளிரில் ஒடுங்கி உட்கார்ந்து
ஆறிய களியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.